இரவல் வாய்

காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வாய் மருத்துவத்தின் எதிர்காலம் ஏறாவூருக்கு வந்தது. முகைதீன்பாவாவின் வாசலில் செருப்பைக் கழற்றியது. ஸலாம் சொன்னது. குடிக்கத் தண்ணீர் கேட்டது.

எதிர்காலத்தின் பெயர் மின்ஹாஜ். வயது இருபத்தெட்டு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். போனுக்குள் 'வாய்க்கண்' இருந்தது. கிழக்கு வாவிக்கரை வாய் ஆய்வு மையம் மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கிய செயலி அது. வாயைப் படம் பிடித்தால் போதும். பல்லில் சூத்தை, ஈறில் சீழ், கன்னத்தில் புற்றுநோயின் முதல் புள்ளி, எல்லாவற்றையும் ஏழு விநாடியில் சொல்லிவிடும். டொக்டர் தேவையில்லை. டொக்டர் இல்லாத ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்று மையத்தின் கையேடு சொன்னது.

முகைதீன்பாவா இந்த நாளுக்காக இரண்டு மாதம் காத்திருந்தார். அவருக்கு அறுபத்தொரு வயது. ஆணி, கம்பி, பூட்டு விற்கிற கடை. முப்பத்தைந்து வருடமாக வெற்றிலையை மென்று இடது கன்னத்தில் அடக்கிவைத்தவர். இப்போது வாய் மூடிக்கொண்டு வந்தது. கன்னம் காய்ந்த தோல்போல இறுகியிருந்தது. வெற்றிலையை விட்டுப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கடையிலிருந்து கொண்டுவந்த ஆணி ஒன்றை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நிமிர்த்திவைத்து அளப்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்றரை அங்குல ஆணி நின்றது. போன நோன்புப் பெருநாளைக்கு ஓர் அங்குலம். இப்போது முக்கால். இந்த முறைக்கு விஞ்ஞான அங்கீகாரம் கிடையாது. ஆணியைச் சார்ஜ் போட முடியாது.

கிளினிக்குக்குப் போனார். "வாய்க்கண்ணில் பதிந்து நம்பர் எடுத்துக்கொண்டு வாங்க" என்றார்கள். ஆகவே காத்திருந்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் பஹீமாவின் கலியாணத்துக்கு இன்னும் இருபது நாள். சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். மாப்பிள்ளையின் வாப்பாவும் பெண்ணின் வாப்பாவும் ஒரே சஹனில் உட்காருவார்கள். முதல் பிடியை இருவரும் எடுப்பார்கள். பிடி என்றால் பிடி. கிள்ளி எடுத்தால், சம்பந்தியின் கை பட்ட சோற்றை அருவருக்கிறார் என்று பொருள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. முக்கால் அங்குலத்துக்குள் பிடி போகாது. பருக்கை போகும். நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் வாப்பா அவருடைய தட்டைப் பார்த்தார். "எங்கட ஊட்டுச் சோறு புடிக்கல்லயா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

"வாயைத் திறங்க மாமா," என்றான் மின்ஹாஜ்.

திறந்தார்.

"இன்னும்."

"இவ்வளவுதான் தம்பி."

போன் யோசித்தது. பிறகு இனிய பெண்குரலில் தீர்ப்பு வழங்கியது: "முகம் கண்டுபிடிக்கப்பட்டது. வாய் கண்டுபிடிக்கப்படவில்லை. தயவுசெய்து வாயுடன் மீண்டும் முயலவும்."

முகைதீன்பாவாவின் மனைவி ஸைனம்பு குசினி வாசலில் நின்றாள்.

"முப்பது வருசமா அந்த வாய்க்கிட்ட ஏச்சு வாங்கியிரிக்கன்," என்றாள். "இப்ப அது இல்லையாமா?"

ஐந்து முறை முயன்றார்கள். ஐந்து முறையும் முகம் மட்டுமே இருந்தது. மின்ஹாஜ் மையத்துக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மூண்டு விரல் அகலத்துக்குத் திறக்கவேணும்," என்றது மையம். "அப்பதான் நோய், வருத்தம் இருக்கா எண்டு மெஷின் பார்க்கும்."

"திறக்க ஏலாததுதான் சேர் வருத்தமே."

"அது மெஷின் சொல்லவேண்டிய விசயம், தம்பி. நீங்க சொல்லக்கூடாது. முதல்ல திறக்கச் சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. மின்ஹாஜ் நெற்றியைத் துடைத்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முன்னூறு படம் ஏத்தணும் மாமா. ஒரு பேர் வெறுமையாக் கிடந்தாலும் என்ட வேலை போயிரும்."

"படம் ஏறாட்டி டொக்டர் பார்க்கமாட்டாரா?"

"ஏறினாத்தான் நம்பர். நம்பர் வந்தாத்தான் டொக்டர்."

வழி கண்டவள் ஸைனம்பு. கலியாண வீட்டுக்காரி. அந்த வாரம் அவள் பார்த்த பொருளில் பாதி இரவல். சஹன் தட்டுகள் பெரியபள்ளித் தெருவிலிருந்து வரவிருந்தன. உட்காரும் கதிரைகள் மச்சான் வீட்டிலிருந்து. பஹீமாவுக்குப் போடும் காப்பு பக்கத்து வீட்டு ஸஹீதாவுடையது. ஸஹீதாவின் மகளுக்குப் போட்டது ஸைனம்புவுடைய மாலை. இல்லாததை இருக்கிறவரிடம் வாங்கி, சபையில் வைத்து, மறுநாள் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது அங்கே யாரும் வெட்கப்படுகிற காரியமல்ல.

"ஒண்டு இல்லாட்டி இரவல் வாங்குறதுதானே," என்றாள். "உன்ட வாயக் குடன் மகன்."

மின்ஹாஜ் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். போனைத் தன் பக்கம் திருப்பி வாயைத் திறந்தான். நல்ல வாய். கீழே இடது கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைப்பு ஒன்று. சோடாப் போத்தல் திறந்ததில் முன்பல்லில் ஒரு மூலை உடைவு. மற்றபடி குறையில்லை.

"நன்றி," என்றது போன். "வாய் கண்டுபிடிக்கப்பட்டது."

"பாவிச்சிட்டுத் திருப்பித் தந்திருங்க மாமி," என்றான் மின்ஹாஜ்.

முகைதீன்பாவாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நம்பர் வேண்டும். "நம்பர் வந்தா மறுகா டொக்டர் என்ட வாயத்தானே பார்ப்பார்?" என்று கேட்டார்.

"வேற யார்ட வாயப் பார்ப்பார் மாமா?"

நல்ல காரியம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அந்த வாரம் ஓட்டமாவடியில், கிரானில், கல்குடாவில், எங்கெல்லாம் வாய் திறக்கவில்லையோ அங்கெல்லாம் மின்ஹாஜின் வாய் திறந்தது. மொத்தம் நாற்பத்தொரு பேர். தமிழர், முஸ்லிம்கள், கோயிலுக்குப் போகிறவர், சேர்ச்சுக்குப் போகிறவர் என்ற பேதம் அதற்கு இருக்கவில்லை. இன நல்லிணக்கத்துக்காக இந்தப் பக்கத்தில் எத்தனையோ கூட்டங்கள் நடந்திருக்கின்றன. இத்தனை பேர் ஒரே வாயைப் பகிர்ந்துகொண்டது இதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள் முகைதீன்பாவாவின் போனுக்குச் செய்தி வந்தது. "முகைதீன்பாவா அவர்களே, உங்கள் வாயின் வயது 28. நோய் எதுவும் இல்லை. புன்னகையுங்கள்."

"நம்பர் எங்க?" என்றார் முகைதீன்பாவா.

"வயசு குறைஞ்சிரிக்கே, அது காணாதா?" என்றாள் ஸைனம்பு. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பகிடி விடவில்லை.

அவர் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனார். மையத்தின் முன்மேசையில் ஜோசப்பின் இருந்தாள். இரக்கமுள்ள பெண். அவரை உட்காரச் சொன்னாள்.

"ஐயா, உங்களுக்கு ஒண்டும் இல்லையே."

"வாய் திறக்குதில்ல மகள். இஞ்ச பாருங்க." சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்து நிமிர்த்திக் காட்டினார்.

ஜோசப்பின் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். திரை ஆணியைவிட வெளிச்சமாக இருந்தது.

"நோயாளிகளுக்குத்தான் நம்பர் குடுக்கலாம் ஐயா. உங்களுக்குத் தந்தா வருத்தக்காரர் ஒராள்ட இடம் இல்லாமப் போயிரும். பாவமெல்லா?"

"படத்தில இரிக்கிறது என்ட வாய் இல்ல. இரவல்."

அவள் படிவத்தை மேலும் கீழும் தேடினாள்.

"இரவலுக்கு இதில கட்டம் இல்லையே ஐயா. அடுத்த சோதனை ரெண்டு வருசத்தில. அப்ப சொந்த வாயக் கொண்டுவாங்க."

கலியாணத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

இதற்கிடையில், இவரைப் போன்றவர்களின் சின்னக் கவலைகளைத் தாண்டி, விஞ்ஞானம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் அல்பேட் இருபத்திரண்டு வருடம் வாய்களைப் பார்த்தவர். கடைசி மூன்று வருடம் படங்களைப் பார்க்கிறார். ஒரு நாள் கணினி அவரைக் கூப்பிட்டு ஓர் அதிசயத்தைக் காட்டியது. வெவ்வேறு ஊர். வெவ்வேறு குடும்பம். நாற்பத்தொரு பேருக்கும் ஒரே பல். ஒரே இடத்தில் ஒரே அளவு வெள்ளி. அவர்களில் ஒருவராவது பல் வைத்தியரிடம் போனதாகப் பதிவே இல்லை.

பதிவில்லை என்றால் போகவில்லை. போகவில்லை என்றால் அடைத்தது யார்?

பல்லே அடைத்துக்கொண்டது.

உலகத்து ஆய்வுக்கூடங்களில் விழுந்த பல்லைத் திரும்ப முளைக்கவைக்க எலிகளோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். வாவிக்கரையிலோ பல் தன் சூத்தையைத் தானே வெள்ளியால் அடைத்துவிட்டு அடக்கமாக இருந்தது. அதற்கு 'வாவிப் பல்' என்று பெயரிடப்பட்டது. காரணம் வாவி இறால் என்று ஒரு குழு சொன்னது. நண்டு என்று இன்னொரு குழு சொன்னது. இரண்டு குழுக்களும் மதியச் சாப்பாட்டில் இரண்டையும் ஆராய்ந்தன. முடிவு எட்டப்படாததால் ஆய்வு மறுநாளும் தொடர்ந்தது.

இரண்டாவது வெற்றி இன்னும் பெரியது. வாய் இறுகும் நோய் இந்தப் பிரதேசத்தில் ஒழிந்துவிட்டது. முன்னூறு பேரில் பூச்சியம். வாய்க்கண்ணுக்கு வாய் திறந்த எவருக்கும், வாய் திறக்க முடியாத நோய் இருக்கவில்லை.

வாவிப் பல்லின் மூத்த சொந்தக்காரர் என்ற முறையில் முகைதீன்பாவாவுக்குக் கடிதம் வந்தது. 'தங்கள் பெறுமதிமிக்க வாயுடன் மாநாட்டுக்குச் சமுகமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' மாநாடு கலியாணத்துக்கு நான்கு நாள் முன்பு.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"பேராசிரியரே பார்க்கப்போறார்," என்றார். "நம்பர் இல்லாம."

பெருநாள் சட்டையைப் போட்டார். ஆணியைப் பைக்குள் வைத்தார்.

மண்டப வாசலில் ஜோசப்பின் அதிதிகளை வெற்றிலைத் தட்டு நீட்டி வரவேற்றாள். மரபு. அவள் தலைக்குமேல் பதாகை தொங்கியது: 'வெற்றிலையை விடுவோம், வாயைக் காப்போம்.' பிரதம அதிதி பதாகையை வாசித்தபடியே ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் மின்ஹாஜ் இருந்தான். சிறந்த தரவு சேகரிப்பாளருக்கான சான்றிதழ் அவனுக்கு. காலையிலிருந்து அவன் யாருக்கும் பல் காட்டவில்லை. கணவனோடு வந்திருந்த ஸைனம்பு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடைத் திரையில் மின்ஹாஜின் வாய் பன்னிரண்டு அடி அகலத்தில் விரிந்தது. சபை கைதட்டியது. பேராசிரியர் அல்பேட் டோர்ச்சோடு, மேடைக்கு அழைக்கப்பட்டிருந்த முகைதீன்பாவாவை நெருங்கினார்.

"இப்ப அந்த வாயை நேரில பார்ப்பம். திறங்க ஐயா."

திறந்தார்.

"வெக்கப்படாதீங்க. நல்லாத் திறங்க."

"இவ்வளவுதான் சேர்." ஆணியை எடுத்து நிமிர்த்தினார். "முக்கால்."

பேராசிரியர் குனிந்தார். வெளிச்சம் கன்னத்தின் உள்ளே ஊர்ந்தது. அங்கே எல்லாம் வெளுத்து, நார் நாராகத் தடித்துக் கிடந்தது. வெளிச்சம் அதில் நின்றது. அவர் நல்ல வைத்தியர். இருபத்திரண்டு வருடத்து வாய்கள் அவருக்குள் திரும்பி வந்தன.

"எவ்வளவு காலமா இப்படி?" என்று ஒலிவாங்கிக்குக் கேட்காமல் கேட்டார்.

"ரெண்டு வருசம் சேர். ஞாயித்துக்கிழமை மகள்ட கலியாணம்."

இரண்டு வருடத்தில் ஒருவர் அவரிடம் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. முகைதீன்பாவாவின் கண் கலங்கியது. இனிப் பயமில்லை.

பேராசிரியர் நிமிர்ந்தார். எதிரே கமெரா இருந்தது. முன்வரிசையில் பிரதம அதிதி இருந்தார். பின்னால் திரையில் பூச்சியம் இருந்தது. அவர் ஒரு தரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"சபையோரே," என்றார். "நம் கண்முன் இன்னொரு கண்டுபிடிப்பு. பெறுமதியான பல்லைப் பாதுகாக்கத் தாடை தானாகவே மூடிக்கொள்கிறது. இது இயற்கை போட்ட பூட்டு."

மண்டபம் எழுந்து கைதட்டியது. முப்பது வருடமாகப் பூட்டு விற்றவர் அந்தக் கைதட்டலின் நடுவில் ஆணியைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு மின்சாரப் பல்தூரிகை ஒன்று பரிசளிக்கப்பட்டது. அதன் தலை பெருவிரல் பருமன். படத்துக்காக அதை வாய்க்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார். தட்டிப் பார்த்தார். போகவில்லை.

"சபையில யாருக்கும் கேள்வி இருக்கா?" என்று கேட்டார் பேராசிரியர்.

இரண்டாம் வரிசையில் ஸைனம்பு எழுந்தாள். ஒரு கையில் ஜோசப்பின் கொடுத்த ஒலிவாங்கி. மறுகையில் மின்ஹாஜின் மணிக்கட்டு. அவனும் எழும்பவேண்டியதாயிற்று.

"எனக்கு விஞ்ஞானம் தெரியா சேர். இந்தத் தம்பிட வாயப் பார்த்துத்தான் எங்கட மனுசனுக்கு வருத்தம் இல்லையெண்டு எழுதித் தந்திரிக்கீங்க. ஞாயித்துக்கிழமை சம்பந்தியோட சஹன்ல மனுசன்ட இடத்தில இவனையே இருத்தட்டா?"