நான் விழவில்லை, உட்கார்ந்தேன்

பட்டுக்கோட்டை சம்பந்தி ஜோசப்ராஜ் அவர்களுக்கு,

பூதலூர் மிக்கேல்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் என் வீட்டுக்காரி ஆரோக்கியமும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றும் விட்டாயிற்று. அங்கே தாங்களும் தங்கள் தென்னைகளும் சுகமென நம்புகிறேன்.

நிற்க. மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது நான் துப்பாக்கி சுட்டதை மாப்பிள்ளை வீடியோ எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்ப, அதை நீங்கள் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை காட்டி, "எங்க சம்பந்தி எப்படி விழுறாரு பாருங்க" என்றீர்களாம். சேதி எங்கள் கோயில் வரை வந்துவிட்டது. முப்பத்தோரு வருடமாகத் தேர்த் திருவிழாவுக்கு வேட்டுப் போடுகிறவன் நான். இனி இவர் கையில் வெடிமருந்தைக் கொடுக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் குழு கூடுகிறது.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள், இரண்டும் ஆரோக்கியத்தைவிட மூத்தவை. தர்ட்டி-தர்ட்டி என்பதில் அடியிலிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த குண்டு ஏறும். கைக்கு அடக்கம், தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். மற்றதான தர்ட்டி-நாட்-சிக்ஸை கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ள வேண்டும். தூரத்துக்குப் போகும், உதையும் கறவை மாட்டு உதை. தோளோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பெரியவர். வெடிக்கிற சாமானை உடம்போடு ஒட்டிப் பிடிக்க எனக்கென்ன பைத்தியமா? வேட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாதா, மருந்துக்கும் மேலுக்கும் இடைவெளி வேண்டுமென்று. எதிர் மண்மேட்டைக் குறிபார்த்து, தோளுக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்தேன். முதலாவது மன்னித்தது, இரண்டாவது மன்னிக்கவில்லை, நான் உட்கார்ந்தேன். விழுவது வேறு, உட்காருவது வேறு. மாப்பிள்ளை சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது.

இன்றைக்கும் இரண்டில் எது மேல் என்றால் உதைத்ததுதான் என்பேன். இப்படிச் சொல்கிறவன் பொய் சொல்வானா? ஒன்றையும் தொட்டுப் பார்க்காமல், வீடியோவை மட்டும் பார்த்து, "அந்தச் சின்னதே போதும்" என்று தீர்ப்புச் சொன்ன உங்களை என்ன சொல்ல.

ஞாயிறுக்குள் வீடியோவை அழித்து, பார்த்தவர்களிடமெல்லாம் "உட்கார்ந்தார்" என்று சொல்லிவிடவும். வேறொருவன் வேட்டுக் கொளுத்த, கூட்டத்தோடு நின்று பார்க்க என்னால் முடியாது. மறுத்தால், பேரன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாதா உங்களைக் காப்பாற்றட்டும், என்னால் இப்போதைக்கு முடியாது.

இப்படிக்கு,
மிக்கேல்ராஜ்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. உங்கள் பந்தியிலிருந்து யார் யார் கையோ மாறி வந்த வீடியோவை ஃபாதர் நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "ஆளு விழுந்தாரு, ஆனா துப்பாக்கி தரையில படல, முனை எதிர் மேட்டை விட்டுத் திரும்பல. வேட்டு இவர்கிட்டயே இருக்கட்டும்" என்றுவிட்டார். ஆகவே அழிக்க வேண்டாம். யார் கேட்டாலும் விழுந்தேன் என்றே சொல்லவும். நன்றாகவே விழுந்தேன்.