தூங்குமூஞ்சி மரத்துக்கு நான் சொன்ன சாட்சி

ஒரு வேலையின் முறை தெரியாதவன் பயந்து பயந்து ஒவ்வொரு படியாகச் செய்துவிடுவான். முறை தெரிந்தவன்தான் ஒரு படியைத் தாண்டுவான். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் இதை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் சொல்லத்தான் ஆளில்லை.

காக்ஸ் டவுனில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு மேல் ஒரு தூங்குமூஞ்சி மரம் குடை விரித்திருக்கிறது. போன கோடையில் அது பூத்ததும் முதல் மாடி டேவிட் தும்ம ஆரம்பித்தார். (சாதாரணத் தும்மல் அல்ல, மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டு டம்ளர் அதிரும்.) சங்கக் கூட்டத்தில், "மரத்தை எடுத்துடணும். அதோட பூந்தூள்தான் என் மூக்குல ஏறுது" என்றார். பலர் தலையாட்டினார்கள். கார் மேல் காய் விழுகிறது என்பது அவர்களுடைய தனி வருத்தம்.

எனக்கு அந்த மகரந்தத்தை நன்றாகத் தெரியும். அவரைக் குடும்பத்தில் பெரும்பாலான செடிகளுக்கு மகரந்தம் தனித்தனி மணியாக இருக்கும். தூங்குமூஞ்சிக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் பல மணிகள் ஒட்டிக்கொண்டு, ஃபுட்பால் போல ஒரே உருண்டை. கூட்டுக் குடும்பம். ஒரு காலத்தில் இவர்களைத் தனித் துணைக்குடும்பமாக வைத்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வகைப்பாட்டைத் திருத்தி, கொன்றையின் துணைக்குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். (என்னைக் கேட்கவில்லை.) மகரந்தம் அதைப் பொருட்படுத்தாமல் பழையபடி சேர்ந்தே வாழ்கிறது. அவ்வளவு பெரிய குடும்பம் காற்றில் சுலபமாகப் பறக்காது. தேனீயோ வேறு யாரோ தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

"அடுத்த கூட்டத்துல நிரூபிக்கிறேன்" என்று எழுந்தேன். மரத்தின் உயிர் என் கையில் வந்தது அப்படித்தான்.

நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லு ஒன்றில் பசை தடவி, அதை டேவிட் வீட்டு பால்கனியில் ஒரு பகல் முழுக்க வைத்து எடுத்துவந்தேன். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக மரத்திலிருந்து ஒரு பூவைப் பறித்து, ஊசியால் மகரந்தப் பையைக் கீறி இன்னொரு சில்லு தயாரித்தேன். பிறகு டேவிட் வீட்டுச் சில்லில், மகரந்தம் தெளிவாகத் தெரிவதற்காக ஒரு சொட்டுச் சாயம் விட்டு, அதே ஊசியால் பரப்பினேன். நடுவில் ஊசியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். நான் அப்போது கூட்டத்தில் பேசப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பேச்சு.

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஊசியைத் தொடச்சீங்களா?"

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். (அது பதில் இல்லை என்பதை அவள் கவனித்திருக்கிறாள்.)

கூட்டத்தில் நுண்ணோக்கியை டிவியோடு இணைத்து முதல் சில்லைக் காட்டினேன். "இதான் தூங்குமூஞ்சி. இந்த ஃபுட்பாலை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. டேவிட் வீட்டுக் காத்துல இது ஒண்ணுகூட இருக்காது."

இரண்டாவது சில்லை வைத்தேன். திரையில் முள் பந்துகள். "பாத்தீங்களா, இது பார்த்தீனியம். பக்கத்துக் காலி சைட்ல மண்டிக் கெடக்கே, அந்தக் களை." எல்லோரும் டேவிட்டைப் பார்த்தார்கள். அந்த வெற்றியோடு நிறுத்தியிருக்கலாம். சில்லை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

ஒரு ஃபுட்பால் வந்தது. அதன் பின்னாலேயே வரிசையாக இன்னும் சில.

டேவிட்தான் பேசினார். "ப்ரொஃபசரே, மேட்ச் ஆரம்பிச்சிடுச்சு போல."

காற்றில் வந்திருந்தால் சிதறிக் கிடக்கும், கோடு போட்டாற்போல் இருப்பதால் இது ஊசி இழுத்த தடம் என்று விளக்கினேன். முழு உண்மை அது.

"பாவம், ஊசி மேல பழியைப் போட்டுட்டீங்களா?" என்றார் டேவிட்.

இன்னொரு முறை சோதிக்க அவகாசம் கேட்டேன். செயலாளர் நாகராஜ் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் கேட்டார். "அதையும் நீங்களேதானே சார் பண்ணுவீங்க?" பிறகு அவரே சமாதானம் செய்தார். "முழு மரம் வேணாம். டேவிட் சார் பக்கம் இருக்கற கொம்பை மட்டும் எடுத்துடலாம்."

கிளையை வெட்டவும் மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றேன். முறைப்படி வாங்கினார்கள். இந்தக் கதையில் முறையை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள் அவர்கள் மட்டுமே. ரம்பத்தின் சத்தம் கேட்ட காலையில் நான் பால்கனிப் பக்கம் போகவில்லை. கூட்டுக் குடும்பத்தை யாராவது தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று நான்தானே பாடம் நடத்தியவன். தூக்கிக்கொண்டு போனவனும் நானேதான்.

இந்தக் கோடையிலும் மரம் பூத்தது. டேவிட் முன்போலவே தும்முகிறார். எங்கள் வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், ரசத்தில் உப்பு குறைவு என்றால்கூட, அந்த ஒரே கேள்விதான் வரும். வெளியூரில் இருக்கும் மகள் போனிலும் அதையே கேட்கிறாள்.

கிளை இருந்த இடத்தில் இப்போது வானம் தெரிகிறது. அதற்கு நேர் கீழே டேவிட்டின் கார் நாள் முழுக்க வெயிலில் காய்கிறது. நேற்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பாவம், எனக்கு இதுல ஒரு சந்தோஷமும் இல்ல" என்றேன்.

ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஊசியைத் தொடச்சீங்களா?"