ஊது பாவாவும் கொப்புளக் கண்ணாடியும்

எண்பத்திரண்டாம் ஆண்டு வெயில் காலத்தில் கல்முனை வேன்களுக்கு ஜின் பிடித்தது. மனிசரைப் பிடித்து அலுத்துப்போன ஜின்கள் ஜப்பான் வண்டிகளுக்கு மாறிவிட்டனவாம். கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள் ஊதா நிறமாகிக் கொப்புளித்ததே சாட்சி. கொப்புளத்துக்கு ஒரு ஜின் குடியிருப்பதைக் கண்டுபிடித்தவர் ஊது பாவா. அவர் எந்த ஊரென்று யாருக்கும் தெரியாது. அதுவே பெரிய தகுதி.

வாடகை வேன் ஓட்டும் முத்தலிப்பும் பாவாவுக்குக் கூலியாகக் கறுத்த சேவலோடு வரிசையில் நின்றான். பாவா வேனுக்குள் ஏறிக் கதவுகளைச் சாத்திக்கொண்டு ஓதி ஊதினார். இறங்கியபோது கொப்புளங்கள் படுத்திருந்தன. சனம் வாயைப் பிளந்தது. பத்து நாளில் அவை மறுபடி எழும்பின.

"அது போயிட்டு. இது அதுட சொந்தக்காரர்," என்றார் பாவா.

இன்னொரு சேவல் போனது.

"தாளை உரிச்சா என்ன பாவா?"

"உரிச்சவன்ட ரெண்டு கண்ணும் அவிஞ்சி போகும்."

ஓட்டுநருக்குக் கண்தானே பிழைப்பு. முத்தலிப் தாளில் கை வைக்கவில்லை.

ஒரு காலை, பின்கண்ணாடியில் எதுவும் தெரியாமல் வேனைப் பின்னால் எடுத்தான். விவசாயி கந்தப்போடியின் சைக்கிள் சில்லுக்கடியில் நொறுங்கியது. அவர் குதித்துத் தப்பினார்.

"உன்ட ஜின் என்னைக் கொல்லப் பாத்திச்சே தம்பி," என்றார்.

முத்தலிப் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். மனைவி சுபைறா சுடுதண்ணியும் சவர்க்காரமும் பிளேடும் எடுத்து வந்தாள்.

"வேணாம் புள்ள, கண் போயிரும்."

"ஆள் சாகிறத விட கண் போறது பரவாயில்ல."

பக்கக் கண்ணாடியின் மூலையில் உள்ளங்கையளவு தாளை உரித்தாள். முத்தலிப் தன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான்.

"என்னைத் தெரியுதா புள்ள?"

"தெரியுது. மூணு நாளா நீங்க சேவ் எடுக்காததும் தெரியுது. நாளைக்குப் பாவாவைக் கூட்டி வாங்க. என்னெண்டு ஊதுறாரெண்டு இதால பாப்பம்."

மறுநாள் பாவா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முத்தலிப் அந்த மூலையில் கண்ணை வைத்தான். பாவா தலைப்பாவிலிருந்து ஊசியை உருவி, கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் குத்தி, பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு கொட்டாவி. வெளியே கேட்பதற்காக மட்டும் ஒரு பெரிய ஊதல்.

முத்தலிப் விலகி, வேடிக்கை பார்க்க வந்திருந்த கந்தப்போடிக்கு இடம் விட்டான். பிறகு கூடியிருந்த எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள்.

இறங்கிய பாவாவின் கையைக் கந்தப்போடி பிடித்தார்.

"தலைப்பாவுக்குள்ள இருக்கிற ஊசியும் ஓதுமா பாவா?"

பாவா தலைப்பாவை விட்டுவிட்டு ஓடினார்.

"வெயில்ல பசை விட்டுப்போய்க் காத்துப் பூந்திருக்கு. வேறொண்டுமில்ல," என்றாள் சுபைறா. முத்தலிப் தலையைக் குனிந்தபடி, மிச்சத் தாளைத் தானே உரித்தான். வெயில் நேரே கண்ணில் விழுந்தது. கண் அவியவில்லை, வெட்கத்தில் முகம்தான் அவிந்தது.

பாவா இப்போது தெற்கே எங்கோ தையல் மெசின்களுக்கு ஊதுகிறாராம். தாராளமாகப் போங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதச் சொல்லி மட்டும் கேளுங்கள்.