மச்சினன் தலையில் சோப்பு

குளியலறைக்குள்ளிருந்து மச்சினன் அலறினான்.

"மாமா! தண்ணி நின்னுபோச்சு! தலை முழுக்க சோப்பு! பத்து மணிக்கு இன்டர்வியூ!"

மாமா கூடத்துத் தரையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் 'கெர்னல்' என்ற அடிப்படைப் புரோகிராமை எழுதிப் பிழைப்பவர். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தானே எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை நேற்றுதான் மாட்டியிருந்தார்.

"கெர்னல் விழுந்துடுச்சு மச்சான். ஒரே நிமிஷம்!"

"விழுந்தா விழட்டும். தண்ணி வருமா வராதா?" என்றாள் மனைவி.

"மோட்டார் புரோகிராம் இப்பதான் எழுந்திருக்குது. பல்லுகூட விளக்கல. அதுக்குள்ள தொட்டியில மிதக்குற பந்து, 'காலி, காலி'ன்னு சிக்னல் அனுப்புது. வாங்கிக்க ஆளில்லாம கெர்னல் குப்புற விழுது."

"தினமும் காலையில உங்களை எழுப்பும்போது நடக்கிறதுதானே? புதுசா என்ன?"

மாமா லேப்டாப் பக்கம் திரும்பினார். புரோகிராம் முழுதாக எழும் முன் வரும் சிக்னல்களைக் குப்பையில் போடும்படி திருத்தினார். கெர்னல் விழவில்லை. ஆனால் தொட்டி காலி என்ற சேதியும் குப்பைக்குப் போனதால், மோட்டார் நிம்மதியாகத் தூங்கியது.

மனைவி ஃப்ரிட்ஜிலிருந்த ஒரே பாட்டில் தண்ணீரைக் கதவிடுக்கில் நீட்டினாள். உள்ளே ஒரு அலறல். தலையிலிருந்த சோப்பு கண்ணுக்கு வந்ததுதான் மிச்சம்.

"சரி," என்றார் மாமா. "எதையும் தூக்கிப் போட வேணாம். வரிசையில நிக்கவெச்சு, எழுந்ததும் மொத்தமா கொடுத்துடலாம். நீ மொட்டை மாடிக்குப் போய் அந்தப் பந்தை மேலயும் கீழயும் ஆட்டு, சிக்னல் வரட்டும்."

மனைவி ஆட்டினாள். கோபத்தில் இருந்ததால் நன்றாகவே ஆட்டினாள். காலி, நிறைஞ்சாச்சு, காலி, நிறைஞ்சாச்சு. கண் விழித்த புரோகிராமின் தலையில் அத்தனையும் ஒன்றாக விழுந்தன. மோட்டாருக்கு விக்கல் எடுத்தது. வீட்டு ஃபியூஸ் போனது.

"மாமா, லைட்டும் போச்சு!"

"கண்ணுலதான் சோப்பாச்சே, உனக்கு எதுக்கு லைட்டு?"

"நெட் போயிடுமே! இன்டர்வியூ!"

மாமா ஃபியூஸ் பெட்டிக்கு ஓடினார். இந்த வேலை கிடைத்தால்தான் மச்சினன் தனியாக வீடு பார்த்துப் போவான். சோபா திரும்ப மாமாவுக்கு வரும். எந்தக் கம்பெனி என்றுகூட அவன் சொல்லவில்லை. 'கிடைச்சப்புறம் சொல்றேன்' என்றிருந்தான்.

ஃபியூஸைப் போட்டுவிட்டு மாமா லேப்டாப்பில் புதிதாகத் தட்டினார். புரோகிராம் எழுந்து, முகம் கழுவி, 'நான் ரெடி' என்று சொல்லும்வரை கெர்னல் வாயே திறக்கக்கூடாது. அப்புறமும், கடைசியாக வந்த ஒரு சிக்னலை மட்டும் கொடுத்தால் போதும்.

மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் கொட்டியது.

மேலே சட்டையும் டையும், கீழே துண்டுமாக ஓடிவந்த மச்சினன் தன் கம்ப்யூட்டர் முன் விழுந்தான். பத்து தாண்டியிருந்தது. காதில் இன்னும் நுரை.

"நல்லவேளை மாமா, இன்டர்வியூ எடுக்கிறவரே இன்னும் வரல!"

"பொறுப்பில்லாத ஜென்மம்! இவனையெல்லாம் எவன் வேலைக்கு வெச்சான்?" என்றபடி மாமா சோபாவில் சாய்ந்தார்.

அவர் போன் அடித்தது. ஆபீசில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் பெண்.

"சார், காலையில அனுப்பின மெயிலைப் பார்க்கலையா? பத்து மணி இன்டர்வியூ நீங்கதான் எடுக்கணும். பாவம் சார், ஒரு பையன் காதுல நுரையோட உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்!"