அது அவங்க பக்கம்

‘அது அவங்க பக்கம்’ என்று சொல்லி ஒதுங்கும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். படிப்பு கூடக்கூட இந்த இனமும் பெருகுகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். இப்படி ஒதுங்குவதற்குப் பெயர்தான் நிபுணத்துவம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் இதன் உயர்ந்த ரகங்கள் இரண்டு. ஒளி ஓடும் பாதைகளையும் மின்சுற்றையும், விரல் நகத்தைவிடச் சின்னதான ஒரே சிலிக்கான் சில்லில் குடிவைப்பது எங்கள் வேலை. ஒளிப்பாதை வரைபவர் லைட் அண்ணன். சுற்று வரைபவர் கரண்ட் அண்ணன். ஒளியையும் மின்சாரத்தையும் மயிரிழை தூரத்தில் சேர்த்துவைக்கும் இந்த இருவரும், எதிரெதிர் அறையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் ஓர் ஆள் வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்த ஆள் ஓர் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய பட்டமே இந்தச் சில்லை நம்பித்தான் இருந்தது.

தொழிற்சாலையிலிருந்து சில்லு வந்தது. மேலிருந்து ஒளியைச் செலுத்தினாள். போகவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், ஒளி நுழைய வேண்டிய வாசல்மேல் சுற்றின் உலோகத் தகடு ஜம்மென்று படுத்திருக்கிறது!

லைட் அண்ணனிடம் ஓடினாள்.

“வாசல் எங்கன்னு நான் கரெக்டா வரைஞ்சிட்டேன். அதுக்கு மேல என்ன வருதுங்கறது அவர் பக்கம்மா.”

கரண்ட் அண்ணனிடம் ஓடினாள்.

“காலியா கிடந்துச்சு, தகடு போட்டேன். வாசல்னு போர்டா மாட்டியிருந்தாரு? அது அவர் பக்கம்.”

“அண்ணா, ரெண்டு படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு யாராவது பாத்தீங்களா?”

கேட்டிருக்கக் கூடாது. அன்று மாலையே அந்த அதிசயம் நடந்தது: இரண்டு அண்ணன்களும் ஒரே அறைக்கு வந்தார்கள்.

“யாராவது பாத்திருக்கணும்தான்” என்றார் லைட் அண்ணன்.

“நடுவுல நீதானேம்மா இருந்தே?” என்றார் கரண்ட் அண்ணன்.

அடடா, என்ன ஒருங்கிணைப்பு! இத்தனை வருஷ ஆய்வில் இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் சேர்ந்து வேலை செய்தது அன்றைக்குத்தான்.

புதுச் சில்லு வர இன்னும் ஒரு வருஷம். அதுவரை பட்டம் காத்திருக்கும். அவள் வீடும் காத்திருக்கும். அண்ணன்மார் இருவரும் ‘இணைப்பின் சவால்கள்’ பற்றிக் கருத்தரங்கில் பேசப் போகிறார்கள். தனித்தனி அரங்கில்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று: சிலிக்கான், சுற்று என்று மேலே கண்டதும், ‘இதெல்லாம் படிச்சவங்க பாத்துப்பாங்க’ என்று இரண்டு வரி தாண்டிக் குதித்து வந்தீர்களே, அது யார் பக்கம்?