சடலத்தைக் கொஞ்சம் தள்ளிப் புதையுங்கள்

மதிப்பிற்குரிய மைத்துனர், நாவலாசிரியர் இல்போ அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் அக்காவின் கணவன் ஆர்வோ, வடக்கே கைனூ காட்டோரத்திலிருந்து மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் அக்கா சிர்க்கா, நாய் மூவரும் உயிரோடிருக்கிறோம். சவுனா நீராவிக் குளியலறையின் புகைக்குழாயைச் சரிசெய்தாயிற்று. இந்த ஆகஸ்டில் மழை போதுமான அளவு. ஹெல்சிங்கியில் தாங்களும் தங்கள் புத்தகங்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். புத்தகங்கள் சௌக்கியமாக இருப்பதுதான் இப்போது என் பிரச்சினை.

தங்களுடைய 'ஈரக் காலணி' நாவல் வந்தபோது ஊரில் எல்லோரும் வாசித்தோம். ஓய்வுபெற்ற தபால் வண்டி ஓட்டுநர் ஒருவன் வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போகிறான், எங்கே போனான் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை, யாராவது நலம் விசாரித்தால் தன் காலணியைப் பார்க்கிறான். நானும் ஓய்வுபெற்ற தபால் வண்டி ஓட்டுநர்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. "நல்ல மனுஷனைப் பத்தி எழுதியிருக்கான்" என்றுதான் கடையில் பேசிக்கொண்டார்கள். கடைசி அத்தியாயத்தில் அவன்தான் கொலைகாரன் என்று வந்தபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு அதே புத்தகம் ஜெர்மன் மொழிக்குப் போயிற்று. ஒரு வார்த்தைகூட மாற்றவில்லையாம். ஆனால் அங்கே வாசித்தவர்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம், வாயைத் திறக்க மாட்டேன்கிறானே, இவன்தான் ஆள் என்று.

அந்த ஜெர்மன் புத்தகத்தின் பின்னட்டையில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டது யாருடைய யோசனை? அதைப் படித்துவிட்டு டீட்மார் என்பவரும் அவர் மனைவி ஹைக்கேயும் வந்து ஏரிக்கு எதிர்க்கரையில் குடில் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். முதல் நாளே கடை வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், காரணம் எதுவும் இல்லாமல். டீட்மார் நம் பாஷையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார், "எப்படி இருக்கீங்க?" என்றார். நின்ற இடத்தில் பதில் சொல்கிற கேள்வியா அது? வீட்டுக்கு வந்து, நன்றாக யோசித்து, மறுநாள் காலை அவர்கள் குடிலுக்குப் போய்க் கதவைத் தட்டி, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். போகிற வழியில் காடு இருந்ததால் கையில் வாளியும் கத்தியும் இருந்தது உண்மைதான். அந்த அம்மாள் தாழ்ப்பாள் போட்ட சத்தம் படகுத்துறை வரைக்கும் கேட்டது.

இதற்கு நடுவில் நம் பக்கத்து வீட்டுக் கௌகோவைக் காணோம். காணோம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கேட்பது நாகரிகமில்லையே என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஜெர்மன்காரர் கேட்டார். கடைக்காரரிடம் கேட்டார், நூலகத்தில் கேட்டார், கடைசியில் போலீஸுக்கு ஃபோன் போட்டு, கௌகோ காணாமல்போன சனிக்கிழமை காலை நான் முழங்காலெல்லாம் மண்ணோடு காட்டிலிருந்து வந்ததைத் தொலைநோக்கியில் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். பறவை பார்க்க வாங்கிய தொலைநோக்கியாம்.

போலீஸிலிருந்து மாரித் வந்தாள். உனக்குத் தெரியும், பால் பண்ணைக்காரரின் கடைசிப் பெண். உன் அக்கா காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தாள். இரண்டாவது கோப்பை வரைக்கும் மழையைப் பற்றியே பேசினோம், முறையாக. அப்புறம் ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை காலையில எங்க போனீங்க, ஆர்வோ?"

"காட்டுக்கு."

"எந்தக் காடு?"

"மரம் இருக்கற காடு."

"எதுக்குப் போனீங்க?"

"மஞ்சள் காளான் பறிக்க. வாளியும் கத்தியும் அதுக்குத்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இல்போ. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நிறையக் கெடச்சுதா?" என்று கேட்டாள் பார், அந்தக் குரலே வேறு. அவள் அம்மா இந்த வட்டாரத்திலேயே பெரிய காளான்காரி என்பது நீ அறியாததா? "இடத்தக் காட்டுங்க. உங்க கால்தடம் இருந்துதுன்னா விஷயம் முடிஞ்சுது, உங்க மேல சந்தேகமே இல்ல" என்றாள். நல்லாக் கேட்டா. கட்டி முப்பது வருஷமாகியும் பெண்டாட்டிக்கே காட்டாத காளான் இடத்த இவளுக்குக் காட்டணுமாம்.

"முடியாது. நானே கௌகோவக் கொன்னேன்னு எழுதிக்க" என்று சொல்லிவிட்டேன்.

"சரி. எங்க பொதச்சீங்க?"

இதை நான் யோசிக்கவில்லை. கொலைகாரனாக ஆனாலும் இடத்தைக் காட்டத்தான் வேண்டுமாம், அப்படிப்பட்ட சட்டம். "ஏரியில போட்டேன்" என்றேன். உன் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுதாளோ என்னவோ பாவம். மாரித் ஏரியில் முங்கித் தேடுகிற ஆளை வரவழைக்கப் போகிறாள். திங்கட்கிழமை நான் நகரத்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

ஜெயிலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அங்கேயும் சவுனா உண்டு. என்னைத் தூங்கவிடாதது உன் பதினேழாம் அத்தியாயம்டா. பிளந்த பாறை, பக்கத்தில் விழுந்து கிடக்கிற பிர்ச் மரம், மூன்று தளிர் ஊசியிலை மரங்களுக்கு நடுவில் பாசிக்கு அடியில் சடலம். அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இருந்தால், அது உனக்கு எப்படித் தெரிந்தது? என் பின்னாலேயே வந்தியா? நகரத்து ஷூவப் போட்டுக்கிட்டா? இப்போ அந்த ஜெர்மன்காரங்க ரெண்டு பேரும் புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு பாறையா தட்டிப் பாத்துட்டு வர்றாங்க. கைத்தடியால பாசியக் கிளர்றாங்கடா. நான் உள்ளே போன பிறகு அதைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: அடுத்த பதிப்பில் சடலத்தைத் தயவுசெய்து கொஞ்சம் தள்ளிப் புதைக்கவும். சதுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தால் நல்லது, அங்கே கொசுவைத் தவிர ஒன்றும் விளையாது. இன்னொன்று. கிறிஸ்துமஸுக்கு உன் அக்கா சந்தையில் வாங்கி உனக்கு அனுப்புகிற காய்ந்த காளான் ஜாடியை நானும் ருசி பார்த்திருக்கிறேன். எந்தக் காட்டுக் குப்பையோ. என் இடத்துக் காளானைத் தின்றவனுக்கு அது வாயில் வைக்க விளங்காது. எதை இழக்கப் போகிறோம் என்று உனக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் விறகும் காபியும் குறையாதிருக்க வாழ்த்தி விடைபெறும்,
ஆர்வோ

பின்குறிப்பு: தம்பி இல்போ, இவர் கடிதத்தைத் தபால் தலை ஒட்டக் கொடுத்தார், ஒட்டும் முன் அக்கா எழுதுகிறேன். கௌகோ இன்று காலை வெயிலில் மூக்குத் தோல் உரிந்து ஸ்பெயினிலிருந்து வந்து சேர்ந்துவிட்டான். "சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றேன். "யாரும் கேக்கலையே" என்றான். மாரித்திடம் சொல்லிவிட்டேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை; ஜெயிலுக்குக் கம்பளி சாக்ஸ் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார், இவ்வளவு சந்தோஷமாக இவரைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஜெர்மன்காரர்களுக்கு வேறொரு பிளந்த பாறையைக் காட்டி அனுப்பிவிட்டேன், அது மாரித்தோட அம்மா ரகசியமாக வைத்திருக்கிற இடம். உனக்குப் பாறையைக் காட்டியது நான்தான் என்று எந்தக் காலத்திலும் வாய் திறக்காதே. வழக்கம்போல இவருக்கு முந்தின நாளே போய்ப் பெரிய காளானையெல்லாம் பறித்துவிட்டேன், சின்னதை இவருக்கு விட்டு வந்தேன். "இந்த வருஷமும் சின்னதாத்தான் இருக்கு" என்று வருத்தப்பட்டார், நானும் ஆமாம் என்றேன். உன் ஜாடிக்கான அந்தப் பெரிய காளான்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. சந்தை விலைச் சீட்டு ஒட்டித்தான் அனுப்புவேன்.