அரசனின் சட்டையும் என் மாமாவின் கையும்

நேர்முகத் தேர்வில் உளறிக்கொட்டி வேலையைக் கோட்டைவிட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நானும் உளறிக்கொட்டினேன், எனக்கு அந்த உளறலுக்காகவே வேலை கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷமாக அந்தச் சம்பளத்தில்தான் சோறு தின்கிறேன். (ரோஷம் உள்ளவளாக இருந்தால் ஆர்டர் கைக்கு வந்ததுமே கிழித்துப் போட்டிருப்பேன். ரோஷம் எல்லாம் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லியே தீர்ந்துபோயிருந்தது.)

அப்போது எனக்கு இருபத்து நாலு வயசு. எம்.ஏ. வரலாறு, பி.எட். முடித்துவிட்டு இரண்டு வருஷமாகக் கடலூரில் வீட்டோடு இருந்தேன். தை பிறப்பதற்குள் வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் வருகிற முதல் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அம்மா கெடு வைத்திருந்தாள். வந்திருந்த முதல் மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, "ஹிஸ்டரி படிச்சி என்னா யூஸு?" என்பது. அந்த ஆளிடமிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வேலை வேண்டும். எந்த வேலையாக இருந்தாலும் சரி.

அந்த நேரத்தில்தான் சேகர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. முழுப்பெயர் தனசேகரன். குமராட்சிப் பக்கத்துக் கிராமம். எங்கள் தாத்தா உயிரோடு இருந்தவரை அந்த ஊரில் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் எங்கள் வாசலில்தான் தீரும். அவர் போனபிறகு நிலம் பங்காளிகளிடம் கொஞ்சம், கொள்ளிடத்து வெள்ளத்தில் கொஞ்சம் என்று போய், மாமா கையில் மீசை மட்டும்தான் மிஞ்சியது. மீசையோடு போய்ச் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தார்.

என்ன வேலை என்று கேட்டால் "நிர்வாகம்" என்பார். எங்கள் வீட்டில் அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. அந்தப் பள்ளியின் தாளாளர் ஒரு காலத்தில் நெல் வியாபாரத்துக்காக எங்கள் தாத்தாவின் களத்து மேட்டில் வந்து கைகட்டி நின்றவராம். அப்புறம் கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை போட்டு, அதில் வந்த பணத்தில் பள்ளிக்கூடம் கட்டி, பெரிய மனுஷன் ஆகிவிட்டார். பழைய மரியாதைக்காக மாமாவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. "நான் இல்லன்னா அங்க பெல்லு கூட அடிக்காது" என்று மாமா சொல்லும்போது அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிக்கும்.

"பிளஸ் டூ ஹிஸ்டரிக்கு ஆள் எடுக்கறாங்க. நான் ஐயாகிட்ட சொல்லிட்டேன். நீ வந்து ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டு, போதும்" என்றார். "வர்றப்ப ஒரு பொன்னாடை வாங்கிட்டு வா. ஐயாவுக்குப் பொன்னாடைன்னா ஜாஸ்தி இஷ்டம்."

பாடம் நான் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். விதி யாரை விட்டது? நவீன காலத்தின் தொடக்கத்தில் ஐரோப்பிய சமூகமும் அரசும் எப்படி மாறின என்ற பாடத்தை எடுத்தேன். நிலப்பிரபுக்கள் கோட்டையும் படையும் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் குட்டி ராஜாவாக இருந்தது, பீரங்கி வந்து கோட்டைகள் உதவாமல் போனது, அரசர்கள் நிரந்தரப் படை வைத்து எல்லா அதிகாரத்தையும் தங்கள் கைக்கு இழுத்தது, வியாபாரிகள் மேலே வந்தது, பிரபுக்கள் அரண்மனையில் போய் எடுபிடியாக நின்றது. எனக்கு உயிரான பாடம். கண்ணாடி முன்னால் நின்று நாலு நாள் ஒத்திகை பார்த்தேன். தம்பி பிரகாஷ்தான் என் வகுப்பு. அவன் எல்லாக் கேள்விக்கும் "தெரியாது மிஸ்" என்று சொல்லி உயிரை வாங்கினான்.

அந்த நாள் காலையில் சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பொன்னாடை கசங்காமல் பிடித்துப் பிடித்து முட்லூர் தாண்டுவதற்குள் கை மரத்துவிட்டது. பள்ளிக்குள் நுழைந்ததும் இன்னொரு புத்திசாலித்தனம் செய்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைசி பெஞ்ச் தெரியாவிட்டால் பயமும் தெரியாது என்று பி.எட். தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்த வித்தை. (அவள் இப்போது துணிக்கடை வைத்திருக்கிறாள். நல்லவேளை, பிள்ளைகள் தப்பித்தார்கள்.)

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பின்னால் மூன்று நாற்காலிகள். நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில் தாளாளர், இந்தப் பக்கம் தலைமையாசிரியை, அந்தப் பக்கம் யாரோ ஒருவர். மாமா இல்லை. பெரிய நிர்வாகி ஆயிற்றே, வெளியில் ஏதாவது வேலையாகப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பொன்னாடையைப் போர்த்திக் கும்பிட்டேன். தாளாளர் அதைத் தோளிலிருந்து எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் நீட்டினார். சுவரோரமாக நின்றிருந்த ஓர் உருவத்தின் கை அதை வாங்கிக்கொண்டது. அந்தக் கையை நான் பார்த்தேன். யார் கை என்று பார்க்கவில்லை.

பாடம் அமர்க்களமாகத் தொடங்கியது. கோட்டை, பீரங்கி, படை எல்லாம் வந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு பிரான்ஸின் அந்த மன்னரிடம் வந்தேன். (பெயரை எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், அதே பெயரில் அத்தனை பேர் இருந்தார்கள்.) "காலையில ராஜா எழுந்திரிச்சதும் அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுக்கறதுக்குப் பிரபுக்களுக்குள்ள போட்டி. படுக்கப் போறப்ப மெழுகுவர்த்தி பிடிக்கறதுக்குப் போட்டி. சொந்த ஊர்ல தீர்ப்பு சொன்னவங்க, இங்க வந்து சட்டையப் பிடிச்சிட்டு நின்னாங்க. அதையும் பெருமையா நெனச்சாங்க!"

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் பி.எட். படித்தவள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும், மாணவர் வாயிலிருந்தே உதாரணத்தை வரவழைக்க வேண்டும், வந்த பதிலைப் பாராட்டிக் கரும்பலகையில் எழுத வேண்டும். இந்த மூன்றும் என் ரத்தத்தில் ஊறியிருந்தன. கோயில் உற்சவத்தில் சாமிக்குக் குடை பிடிப்பதை யாராவது சொல்வார்கள் என்று கணக்குப் போட்டு, கேட்டேன்.

"இந்த மாதிரி ஒருத்தர் பக்கத்துல நின்னு எதையாவது பிடிச்சிட்டு இருக்கறத நீங்க யாராவது பாத்திருக்கீங்களா?"

முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "பொன்னாடை பிடிக்கறது மிஸ்."

"வெரி குட்!" திரும்பிப் பலகையில் 'பொன்னாடை' என்று எழுதினேன். "யாரு பிடிப்பாங்க?"

"சேகர் சார், மிஸ்."

எழுதிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் மூளைக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்வதற்குள் கை எழுதி முடித்துவிட்டது. பொன்னாடை, பக்கத்தில் ஒரு கோடு, சேகர் சார். அடியில் கோடு வேறு இழுத்தேன். முக்கியமான பதிலுக்கு அடிக்கோடு இட வேண்டுமாம்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாற்பது தலையும் பின்பக்கம் திரும்பின. நான் அவசரமாகப் பையைத் துழாவிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். தாளாளரின் நாற்காலிக்குப் பின்னால், சுவரோரமாக, இடது முழங்கையில் நான் வாங்கிய பொன்னாடை நாலாக மடித்துத் தொங்க, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் இன்னொரு கையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடுமாக, எங்கள் மாமா நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். மீசைக்குக் கீழே உதடு மட்டும்.

டஸ்டரைத் தேடினேன். அது தாளாளர் உட்கார்ந்த வரிசைக்குப் பக்கத்தில், மேசைமேல் இருந்தது. "சேகரு, டீச்சருக்கு அத எடுத்துக் குடு" என்றார் தாளாளர். மாமா எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். தன் பெயரை அழிப்பதற்கு அவரே டஸ்டர் கொண்டுவந்து தந்தார். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன். சொந்த மாமாவை, வாழ்க்கையில் முதல் தடவையாக, சார் என்றேன்!

அத்தோடு விட்டாரா அந்த மனுஷன்? தாளாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஒரு டவுட்டும்மா. அந்தப் பிரபுங்க சட்டை பிடிக்கறது அவுங்க ஊரு ஜனங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது ஐயா என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஒரு மார்க் கேள்விக்கே ஒரு பக்கம் விடை எழுதிப் பழகியவள் நான். "தெரியாதுங்க ஐயா. அங்க அவுங்கள இன்னும் பெரிய ஆளுன்னுதான் நெனச்சிட்டு இருந்திருப்பாங்க" என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் யாரைப் பற்றிச் சொன்னேன் என்பதே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தாளாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தப் பொண்ணு பாடத்த நல்லா புரிஞ்சிக்கிட்டு நடத்துது. போட்டுடுங்க" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். அவருக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. களத்து மேட்டில் கைகட்டி நின்றதற்குப் பதில் கொடுக்க அவர் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ, அந்த வீட்டுப் பேத்தியே வந்து, சாக்பீஸால் எழுதி, அடிக்கோடு இட்டுக் கொடுத்துவிட்டாள். மறுநாளே ஆர்டர் தட்டச்சாகி வந்தது. அதையும் மாமாதான் கையில் கொண்டுவந்து கொடுத்தார்.

பாடம் எடுத்த அன்று சாயங்காலம் பஸ் நிலையம்வரை மாமா கூடவே வந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அக்காகிட்ட சொல்லாத பாப்பா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மூன்று மாதம் காப்பாற்றினேன். அப்புறம் அந்தத் தீபாவளிக்கு மாமா உட்பட எல்லோரும் கூடி உட்கார்ந்திருந்தபோது, பிரகாஷ் என் முதல் வகுப்பைப் பற்றிக் கிண்டலடித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. நான் எப்படிப்பட்ட அசடு என்று நானே சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டால் அவன் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்து, கண்ணாடி கழற்றியதிலிருந்து அடிக்கோடு வரைக்கும் நடித்தே காட்டிவிட்டேன். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் 'எங்க தம்பி நிர்வாகத்துல இருக்கான்' என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றுவரை அந்த ஜோக் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் யார் சட்டை போட்டாலும் "பிரபு எங்கப்பா, சட்டைய எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்று ஒரு குரல் வரும். போன மாதம் கடலூரில் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் என்று பிரகாஷுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் கழுதை அதை எடுத்து, திரும்பிப் பார்க்காமல், அப்படியே பின்பக்கம் நீட்டினான். "சேகர் சார்!" மண்டபமே சிரித்தது. மாமாவுக்கு இப்போது அறுபத்தாறு வயசு. வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அவர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். அவர் கை அதைத் தானாகவே நாலாக மடித்து இடது முழங்கையில் போட்டுக்கொண்டது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே!

பந்திக்குக் கூப்பிட்டபோது மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, அன்னிக்கே உன்ன ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பிரபுங்களுக்குத்தான் சொந்த ஊரு, கோட்ட எல்லாம் இருந்திச்சே. சட்டையத் தூக்கிப் போட்டுட்டு ஊருக்குப் போயிருக்கலாம்ல? ஏன் போவல?"

பதினாறு வருஷமாக நடத்துகிற பாடம். விடை வாயில் தயாராக இருந்தது. அரசன் கண்ணில் படாதவர்களுக்குப் பதவி கிடையாது, சலுகை கிடையாது, அதனால் இருந்தார்கள் மாமா என்று ஒப்பித்தேன்.

"அது புக்குல போட்டிருக்கறது" என்றார். "அவுங்களுக்கும் வேலை கெடைக்காம அக்கா பொண்ணு ஒண்ணு வீட்டுல இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு, மடிப்புக் கலையாமல் அந்தப் பொன்னாடையை என் கையில் கொடுத்தார். "கை கழுவிட்டு வரேன், புடி" என்று நடந்தார். பந்தியில் பிரகாஷ் யாருக்கோ அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். மாமா திரும்பி வரும்வரை நான் சுவரோரமாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.